வேட்டைப் பருவம் தொடங்கியதும் காட்டு வான்கோழி ஏன் கூவுவதை நிறுத்திவிடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசந்தகாலத்தில் நடக்கும் காட்டு வான்கோழி வேட்டையில் கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். விடியும் முன்பே காட்டுக்குள் போய் மரத்தடியில் உட்கார வேண்டும். கிளையில் அடைந்திருக்கும் சேவல் கூவுவதைக் கேட்டு அது இருக்கும் திசையை அறிய வேண்டும். பிறகு பெட்டையின் குரலைப் போலவே ஒலியெழுப்பி அதை அருகில் வரவழைக்க வேண்டும். கூவல் நின்றுவிட்டால் வேட்டைக்காரருக்குக் காட்டில் திசையே இல்லை. பருவம் தொடங்கிய சில நாட்களுக்குள் அப்படி நின்றுபோவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களில் வாழும் காட்டு வான்கோழியைப் பற்றியவை.

பண்ணையில் பார்க்கும் வான்கோழியும் இதுவும் ஒன்றா?

இனம் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. பண்ணை வான்கோழியின் மூதாதை மெக்சிகோவில் மனிதரோடு பழகிய கிளை. காட்டில் இருப்பது மெலிந்த, கூர்மையான, நன்றாகப் பறக்கக்கூடிய பறவை. முதிர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். அவ்வளவு எடையோடும் மாலையில் சிறகடித்து உயரமான மரத்தில் ஏறி அடையும். கண் பார்வை அபாரமானது. கழுத்தைச் சற்றுத் திருப்பினால் தன்னைச் சுற்றியுள்ள முழு வட்டத்தையும் பார்த்துவிடும். வான்கோழி மந்தபுத்திக்காரப் பறவை என்று நினைப்பவர்கள் காட்டில் ஒரு சேவலை எதிர்கொண்டதில்லை என்றே சொல்வேன்.

சேவல் எதற்காகக் கூவுகிறது?

முதலில் பெட்டைகளை அழைப்பதற்காக. மற்ற சேவல்களுக்குத் தன் இருப்பைத் தெரிவிப்பது அடுத்த காரணம். பகற்பொழுது நீள நீள உடலில் ஆண் ஹார்மோன் பெருகுகிறது, குளிர்காலம் முழுவதும் சேர்ந்து மேய்ந்த கூட்டங்கள் பிரிகின்றன, கூவல் தொடங்குகிறது. காற்றில்லாத விடியலில் அந்தக் களகளப்பு ஒரு மைல் தொலைவுக்குக்கூடக் கேட்கும்.

இதில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு வரும் பல பதில்கள் எளிதாகிவிடும். இயல்பாகச் சேவல் கூவும், பெட்டைதான் அதைத் தேடி வரும். வேட்டைக்காரர் கேட்பதோ தலைகீழ். பெட்டையின் குரலில் அழைத்து, சேவலை நடந்து வரச் சொல்கிறார். தன் இயல்புக்கு மாறான ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பறவை தயங்கத்தான் செய்யும்.

மரத்தில் இருக்கும்போது ஓயாமல் கூவிய சேவல், தரையில் இறங்கியதும் அடங்கிவிடுகிறது. என்னைக் கண்டுவிட்டதா?

கண்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அன்றாட வழக்கம் அதுதான். ஒரு நாளின் கூவலில் பெரும்பகுதி சூரிய உதயத்தை ஒட்டிய சிறு நேரத்துக்குள் முடிந்துவிடும். மரத்தின் மேல் இருக்கும்வரை கொயோட்டி என்ற சிறு ஓநாய் போன்ற விலங்குக்கும் காட்டுப்பூனைக்கும் அது எட்டாது. தரையில் இறங்கிய பின் உரக்கக் கத்துவது உயிரோடு விளையாடுவது. பெட்டைகள் பக்கத்திலேயே இருந்தால் கத்தவும் தேவையில்லை. இறகு விரித்து, தலையைச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாற்றி, கண்ணுக்கெதிரே ஆடிக் காட்டினால் போதும்.

காலை நன்றாக ஏறிய பிறகு பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் பிரிந்து போகும்போது சேவல் தனித்து நிற்கும். அப்போது மறுபடியும் இரண்டொரு கூவல் கேட்கலாம். எட்டு மணிக்கே மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

பருவத்துக்கு முந்தைய வாரம் காடே அதிர்ந்தது. தொடங்கிய பத்தாம் நாள் ஒரு சத்தமும் இல்லை. ஏன்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. என் பதில் நேரானது: முதன்மையான காரணம் நாம்தான்.

நெடுங்காலமாக இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் பெட்டைகளைப் பற்றியது. அதை அடுத்த பதிலில் பார்ப்போம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லைன், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரெட் காலியர் ஆகியோரின் குழுக்கள் வேறொரு வழியில் இறங்கின. தானாகவே ஒலிப்பதிவு செய்யும் கருவிகளைக் காட்டு மரங்களில் பொருத்தி, வசந்தம் முழுவதும் நாள்தோறும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து கூவல்களைக் கணினி கொண்டு பிரித்தெடுத்து எண்ணினார்கள். மனிதக் காதை நம்பியிருந்த பழைய கணக்கெடுப்புகளில் இந்த அளவு தொடர்ச்சி கிடையாது. எங்கெங்கே கருவி வைத்தார்கள் என்பதும் முக்கியம். வேட்டை நடக்கும் ஜார்ஜியாவின் பொதுக் காடுகளிலும் வைத்தார்கள், வேட்டை நெருக்கடி அநேகமாக இல்லாத தென் கரோலினாவின் சவானா நதி வளாகத்திலும் வைத்தார்கள். அந்த வளாகம் அமெரிக்க எரிசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பெரும் நிலப்பரப்பு.

இரண்டையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாக இருந்தது. வேட்டையில்லாத இடத்தில் கூவலின் ஏற்ற இறக்கம் பெட்டைகள் முட்டையிடுவதையும் அடைகாப்பதையும் ஒட்டியே நடந்தது. வேட்டை நடக்கும் இடத்தில் வேட்டையே அதைத் தீர்மானித்தது. ஆட்கள் நுழைந்ததும் கூவல் சரிந்தது.

அந்தச் சரிவுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, கூவிய சேவல்களில் சில இப்போது உயிரோடு இல்லை. கூவும் பறவைதான் எளிதில் அகப்படும் என்பதால் முதல் வாரத்திலேயே அவை போய்விடுகின்றன. மற்றது, மிஞ்சியவை அடக்கி வாசிக்கின்றன. விடியற்காலை இருட்டில் கதவுகள் அறையப்படும் சத்தம், சருகுகளின் மேல் காலடி, கைவிளக்கு வெளிச்சம், ஒரே பள்ளத்தாக்கில் நான்கு திசையிலிருந்தும் பெட்டைக் குரல், அதைத் தொடர்ந்து துப்பாக்கி வெடிப்பு: இவை எல்லாம் நாலைந்து நாள் தொடர்ந்தால் எந்தக் காட்டு உயிரும் ஒடுங்கிக்கொள்ளும்.

சேவல் பெட்டைகளோடு இருப்பதால்தான் கூவவில்லை என்று அனுபவசாலிகள் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பழைய விளக்கம் இப்படிப் போகும். வசந்தத்தில் கூவலுக்கு இரண்டு உச்சங்கள். கூட்டம் பிரிந்து இனச்சேர்க்கை தொடங்கும்போது முதலாவது. பெட்டைகள் அடைகாக்கப் போனபின் சேவல்கள் துணையின்றித் தவிக்கும்போது இரண்டாவது. நடுவில் உள்ள வாரங்களில் பெட்டைகள் கூடவே திரிவதால் ஓர் அடக்கம்.

பெட்டை நாளுக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு முட்டையிடும். கடைசி முட்டைகளோடு அடைகாக்க உட்கார்ந்தால் 26 முதல் 28 நாள்வரை கூட்டைவிட்டு அதிகம் நகராது. இதற்கிடையில் இன்னொரு சேர்க்கையும் தேவைப்படாது, ஏனென்றால் ஒருமுறை பெற்ற விந்தணுவைப் பல வாரங்கள் உடலுக்குள் காத்துவைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது உச்சத்துக்கான காரணம் உயிரியல்படி சரியானதே.

எனக்குள்ள குறை, இந்த விளக்கத்தை எல்லா மௌனத்துக்கும் மருந்தாகத் தடவுவதில்தான். வேட்டை நிறைந்த காடுகளில் அந்த இரண்டாவது உச்சம் பல ஆண்டுகளில் தலைகாட்டுவதே இல்லை. பெட்டைகள் எல்லாம் அடையில் உட்கார்ந்த பிறகும் காடு அமைதியாகவே இருந்தால், பெட்டையின் மேல் பழிபோட முடியாது.

பொய்யான பெட்டைக் குரலைச் சேவல் அடையாளம் கண்டுகொள்ளுமா?

வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் மரப்பெட்டிக் கருவியும், பலகைக்கல்லில் குச்சியை உரசி எழுப்பும் ஒலியும், வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வும் உண்மையான குரலுக்கு மிக நெருங்கியவை. சேவல் குரலின் தரத்தை எடைபோட்டுத் தள்ளுகிறது என்பதைவிட, குரலுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கிறது என்று கொள்வதே பொருத்தம். உண்மையான பெட்டை இடம் மாறும், சருகைக் கிளறும், சில நேரம் பேசாமல் இருக்கும், கடைசியில் கூவுகிறவனைத் தேடி வரும். மரத்தடிக் குரலோ ஒரே இடத்திலிருந்து அரை மணி நேரம் கெஞ்சிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் துப்பாக்கிக் குறிக்கு எட்டாத தொலைவில், ஒரு மேட்டுக்கு அப்பால், சேவல் வந்து நின்றுகொள்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் நம்பகமான தூரம் சுமார் 35 மீட்டர். அதற்கு அப்பால் நின்று பெட்டை வெளியே வரட்டும் என்று பார்க்கும். வரவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடும். கூவாமலேயே பின்பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போகிற சேவல்களும் உண்டு. நாம் அதை அறிவதே இல்லை.

மழை, காற்று இவற்றுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும். பலத்த காற்றிலும் மழையிலும் கூவல் குறையும். சத்தம் தொலைவு போகாது, பகை விலங்கு வருவதும் காதில் விழாது. மழைநாளில் வான்கோழிகள் காட்டைவிட்டுத் திறந்த வயல்களுக்கு வந்து நிற்பதைப் பார்க்கலாம். மழை விட்டு, காற்று அடங்கி, வானம் தெளிந்த மறுநாள் காலையை எவரும் வீட்டில் கழிக்க வேண்டாம். வாரக்கணக்கில் நீளும் அமைதிக்கு வானிலையைக் காரணம் சொல்வது பொருந்தாது.

கொயோட்டி, ஆந்தை போன்ற பகைவர்களால் அடங்கிவிடுகிறதா?

அந்தக் காலைக்கு அடங்கும். கொயோட்டி ஒன்று அடைமரத்தின் கீழே நடமாடினால் அன்று கூவல் இருக்காது. மரத்திலேயே தாக்கக்கூடிய பகை பெரிய கொம்பன் ஆந்தை. வேடிக்கை என்னவென்றால், திடீர் உரத்த ஒலி கேட்டதும் சேவல் தன்னையறியாமல் கூவிவிடும். வரிப்பட்டை ஆந்தையின் அலறல், காக்கையின் கரைதல், இடி முழக்கம், கார்க் கதவு சாத்தும் சத்தம் எதுவும் இதைத் தூண்டும். அடைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேட்டைக்காரர்கள் ஆந்தைக் குரல் கொடுப்பது இதனால்தான். நெருக்கடி மிகுந்த காட்டில் இந்தப் பதில் கூவலும் தேய்ந்துவிடும்.

எல்லாச் சேவல்களும் கூவுமா?

கூவாது. வான்கோழிச் சமூகத்தில் படிநிலை கறாரானது. ஒரு வயதுச் சேவல்கள் கூவ முயன்றாலும் பெரியவை விரட்டும். வளர்ந்தவற்றிலும் கீழ்ப்படியில் இருப்பவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

கலிபோர்னியாவில் ஆலன் கிராகவர் செய்த ஆய்வு 2005இல் நேச்சர் இதழில் வந்தது. உடன்பிறந்த சேவல்கள் சேர்ந்து நின்று பெட்டைகளின் முன் ஆடுகின்றன. ஆனால் குஞ்சுகளுக்குத் தந்தையாவது அவற்றில் மேல்நிலையில் உள்ள ஒன்றுதான். தம்பிக்குச் சொந்தமாகக் குஞ்சு கிடையாது. அண்ணனின் குஞ்சுகள் வழியாகத் தன் மரபணுவில் ஒரு பங்கு தொடர்வதே அதற்குக் கிடைக்கும் பலன். மரபணுச் சோதனை செய்து இதை உறுதிப்படுத்தினார். எனக்கு இந்தப் பறவையின் மேல் பெருமதிப்பு உண்டாக்கிய தகவல் இது.

வேட்டையோடு இதற்கு என்ன தொடர்பு? ஒரு பகுதியில் கூவிக்கொண்டிருந்த தலைச்சேவலைச் சுட்டுவிட்டால், அங்கே இன்னும் மூன்று சேவல்கள் இருந்தாலும் சில காலம் ஒலி எழாமல் போகலாம். அவற்றுக்குள் யார் பெரியவன் என்பது முடிவாக வேண்டும்.

சேவல் கூவியும் நமக்குக் கேட்காமல் போகுமா?

நிச்சயமாக. இதை மறந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். மார்ச் மாதம் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது மலைக்கு அப்பாலிருந்தும் கேட்ட கூவல், ஏப்ரல் இறுதியில் இலைகள் முழுதாக விரிந்தபின் அருகிலிருக்கும் சரிவிலிருந்தே மங்கலாக வரும். இலைத்திரை ஒலியை உறிஞ்சிவிடுகிறது. சேவல் இடம் மாறியிருக்கவும் கூடும். நேற்று அடைந்த அதே மரத்துக்கு இன்றும் வரும் என்று நம்ப முடியாது. தன் எல்லைக்குள்ளேயே ஒவ்வோர் இரவும் வேறு வேறு மரம் தேடுவது இதற்கு வழக்கம்.

கூவுகிறவற்றையே சுட்டுச் சுட்டு, ஊமைச் சேவல்களை மட்டும் மிச்சம் வைத்துவிட்டோமா?

இந்தக் கவலை வேட்டைக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. ஆண்டாண்டு காலமாக அதிகம் கூவுகிறவை கொல்லப்பட்டால், கூவாத குணமே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது வாதம். கேட்க நியாயமாகப் படுகிறது. ஆனால் நிரூபிக்கப்படவில்லை. எதிர்த்திசையில் இழுக்கும் விசையும் வலுவானது: கூவாத சேவலைப் பெட்டைகள் எப்படித் தேடி வரும்? நான் இதைப் பரம்பரையாகப் பார்ப்பதைவிட அந்தந்தப் பறவையின் பட்டறிவாகவே பார்க்கிறேன். இரண்டு வயதுச் சேவல் ஆர்வக்கோளாறில் கத்தும். அதே பறவை நான்கு வயது வரை உயிரோடு இருந்தால், இரண்டு வேட்டைப் பருவங்களைக் கடந்த அறிவோடுதான் இருக்கும்.

சில மாநிலங்கள் பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைத்தது இதற்காகவா?

ஜார்ஜியா 2022இல் தொடக்கத்தை மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளி, ஒருவர் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. டென்னசி 2023இல் இரண்டு வாரம் தள்ளி, அதுவும் இரண்டாகக் குறைத்தது. நோக்கம் கூவலைக் காப்பது அல்ல, இனப்பெருக்கத்தைக் காப்பது. பெட்டைகள் சேர்க்கையை முடிக்கும் முன்பே தலைச்சேவல்களைக் கொன்றால் கூடு கட்டுவது பாதிக்கப்படுமோ என்ற ஐயமே அடிப்படை. தள்ளிவைத்ததால் குஞ்சுகளின் எண்ணிக்கை கூடியதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நான் தள்ளிவைப்பதை ஆதரிக்கிறேன். 1930களில் இந்தப் பறவை மொத்தம் சுமார் இரண்டு லட்சம் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. காடழிப்பும் கட்டுப்பாடற்ற வேட்டையும்தான் காரணம். 1950களிலிருந்து, பீரங்கிபோல் வலையை வீசிக் கூட்டத்தோடு உயிருடன் பிடித்து, பறவையற்றுப் போன காடுகளில் கொண்டுவிட்டார்கள். அதில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணத்தில் நடந்தது. இன்று அறுபது லட்சம் அளவில் இருக்கிறது. ஆனால் தென்கிழக்கில் மறுபடி குறைந்துவருகிறது. அப்படி மீட்டெடுத்த ஒரு பறவைக்கு இரண்டு வாரம் நிம்மதி தருவது பெரிய தியாகம் அல்ல.

கூவாத சேவலை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலடித் தடம், தூசிக்குளியல் குழி, மணலில் சிறகு இழுபட்ட கோடுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். எச்சமே ஆண் பெண் சொல்லிவிடும். சேவலின் எச்சம் தூண்டில் முள்போல வளைந்து நீளமாக இருக்கும், பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். ஆடும்போது சேவல் துப்புவது போன்ற ஒரு சிற்றொலியும், நெஞ்சுக்குள் உணரும்படியான மெல்லிய அதிர்வொலியும் எழுப்பும். காடு அமைதியாக இருந்தால் அருகிலிருப்பவருக்கு அது கேட்கும். கூவாத சேவல்களும் இதை விடுவதில்லை.

நல்ல தடம் உள்ள இடத்தில் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, மெதுவாக, அபூர்வமாக அழையுங்கள். மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். நியூயார்க் போன்ற மாநிலங்களில் வேட்டை நண்பகலோடு முடிவதால் அந்த ஊர் விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கூவல் வந்த திசை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே கூவியது இன்னொரு மனிதரின் கருவியாக இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீல நிற உடைகளும் வேண்டாம். அவை ஆடும் சேவலின் தலை நிறங்கள்.

அடங்கிய சேவல் அதே பருவத்தில் மறுபடி கூவுமா?

கூவும். ஆட்கள் வருவது குறைந்த வார நாட்களில், பருவத்தின் கடைசிப் பகுதியில் பாருங்கள். ரக்கூன், ஸ்கங்க், பாம்பு, காக்கை என்று பலவும் முட்டை தின்பதால் பெரும்பாலான கூடுகள் பொரிக்கும் முன்பே அழிகின்றன. கூட்டை இழந்த பெட்டை மீண்டும் முட்டையிட முயலும், சேவலைத் தேடி வரும். ஆகவே மே மாதம் வரை, சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும், சேவலுக்குக் கூவ வேலை இருக்கிறது.

வேட்டையில் ஆர்வமில்லை, அந்தக் கூவலைக் கேட்டால் போதும். எங்கே போகலாம்?

வேட்டை தடைசெய்யப்பட்ட தேசியப் பூங்காக்களுக்குப் போங்கள். டென்னசியில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவின் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கைச் சொல்வேன். 11 மைல் வளையச் சாலை அது, வாயில் சூரிய உதயத்தில் திறக்கும். ஏப்ரல் காலையில் முதல் வண்டிகளோடு நுழைந்து, புல்வெளி ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். அங்கே சேவல்கள் மனிதரைக் கண்டு வாய் மூடுவதில்லை. தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால், கூவும் கணத்தில் கழுத்து முன்னால் நீள்வதையும் தலையின் நிறம் மாறுவதையும்கூடப் பார்த்துவிடலாம்.